கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டைக் காருக்கு அடித்தால் என்ன குற்றம்?

பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கப் போவதாகக் கோயமுத்தூரில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும். "ஏனுங்க, கேட்டுக்கு அடிக்கற பெயிண்டைக் கொண்டாந்து காருக்கு அடிப்பீங்களாக்கும்?" என்று முதல் ஆள் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். சொந்தக்காரர் யாராவது கூட இருந்துவிட்டால் தீர்ந்தது. "ஏன் மாப்ள, ஒரு முப்பதாயிரம் பொரட்ட முடியலைன்னா எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல" என்பார். (சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.)

இந்தச் சிரிப்புதான் இங்கே பிரச்சினை. இதற்குப் பயந்துதான் ஒரு கூட்டம் கைமாத்து வாங்கிப் பட்டறைக்குப் போகிறது. இன்னொரு கூட்டம், பிரஷ் பிடித்தால்தானே கேவலம், ஸ்ப்ரே கன்னில் அடித்தால் யார் என்ன சொல்வார்கள் என்று நாலு வீடியோ பார்த்துவிட்டு, மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு போர்ட்டிகோவில் நின்று பி.யூ. பெயிண்ட் அடிக்கிறது. முதல் கூட்டத்துக்குப் பணம் போகிறது. இரண்டாவது கூட்டத்துக்கு மூச்சு போகிறது. நடுவில் ஒரு வழி, மலிவான வழி, சும்மா கிடக்கிறது. அதில் போனால் ஊர் சிரிக்குமாம்!

முதலில் பணத்தைப் பார்ப்போம். தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுவார்கள், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். இரண்டு லட்சத்துக்கு வாங்கிய வண்டி 20 வருஷம் கழித்து ஏட்டில் எவ்வளவு நிற்கும்? கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். ஏழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். சந்தையில் அதைவிடக் கூடத்தான் போகும், ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஏட்டில் எட்டாயிரம்கூடத் தேறாத ஒரு சொத்தின் மேல் முப்பதாயிரம் ரூபாய்க்குப் பளபளப்பைப் பூசிவிட்டு அதை முதலீடு என்று எழுதினால் பி.காம். முதலாண்டிலேயே மார்க் போய்விடும்.

அப்படியானால் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் யார்? மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அதே வருஷம் மே மாதம் அம்பாசடரும் நின்றது. ஆக, ரோட்டில் ஓடும் கடைசி 800-க்கே பத்து வயசு தாண்டிவிட்டது. இதை ஓட்டுகிறவர் மில்லில் ரிட்டயர்டு ஆனவராக இருப்பார், கணபதியில் ரெண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவராக இருப்பார், சூலூர் பக்கம் தோட்டத்திலிருந்து தக்காளிப் பெட்டியை டிக்கியில் அடுக்கிக்கொண்டு சந்தைக்கு வருகிறவராக இருப்பார். வசதிக்காரர் வீட்டில் இந்த வண்டி இருந்தால் அது ஷோவுக்கு. அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

இவர்களுக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற வேலை வருகிறது. அறுநூறு ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து ஐயாயிரம் ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய காருக்குப் பத்தாயிரம் என்று ஏற்றினார்கள். பசுமை வரி தனி. அத்தனையும் கட்டினால் கிடைப்பது ஐந்து வருஷம். வண்டியைக் காட்டப் போகும்போது கதவுக்கடியில் துரு எட்டிப் பார்த்தால் ஆய்வாளர் முகம் மாறும். அதனால் புரோக்கர் முதலிலேயே சொல்லிவிடுவார், "ஒரு பெயிண்டைப் போட்டுட்டு வந்துருங்ணா". அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். காருக்குப் பெயிண்ட் எதற்கு? தகரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு தோல் வேண்டும், அதற்கு. அந்தத் தோல் கன்னில் வந்ததா, ரோலரில் வந்ததா என்று துருவுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும் என்பது பொள்ளாச்சிக் கல்யாண மண்டபத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது என்கிற கவலை. அந்தக் கவலைக்கு முப்பதாயிரம் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். ஆனால் அதை வண்டிக்குச் செய்த செலவு என்று சொல்ல வேண்டாம், மண்டபத்துக்குச் செய்த செலவு என்று சொல்லட்டும்.

பிரஷ் என்றால் கேவலம் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. கார் பிறந்ததே பிரஷ்ஷில்தான்! 1920-களின் தொடக்கம் வரைக்கும் உலகத்தில் ராஜாக்கள் வாங்கிய கார்களுக்கெல்லாம் ஆட்கள் கையால்தான் வார்னிஷ் அடித்தார்கள். ஒரு கோட் அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்து, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலைக்காரனுக்கு அதுதான் தலைவலி. வண்டிகள் காய்வதற்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் ஒன்றைக் கொண்டுவந்தது. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் அது ஏறியது. அந்தப் பெயிண்டின் பெயர் டூகோ. நம்மூர்ப் பட்டறை போர்டுகளில் 'டிங்கரிங் - டூகோ பெயிண்டிங்' என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறதே, அதே டூகோதான். அது மளமளவென்று காய்ந்துவிடும் என்பதால் பிரஷ்ஷில் இழுக்க முடியாது, பீய்ச்சித்தான் அடிக்க வேண்டும். ஸ்ப்ரே வந்தது அழகுக்காக அல்ல, அவசரத்துக்காக. நாலு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிறவருக்கு அந்த அவசரம் எதற்கு?

இன்னொன்று. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் போய் நின்று பாருங்கள். எழுத்தும் கோடும் பூவும் போடுகிற கைகளில் பிரஷ்தான் இருக்கும். அந்த லாரி காஷ்மீர் வரை போய் வருகிறது. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இதே கோயமுத்தூர்தான் ஜி.டி. நாயுடுவைக் கொண்டாடுகிறது. ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியவர் என்று பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் கதை சொல்கிறார்கள். அவிநாசி ரோட்டில் அவர் பெயரைச் சொல்லும் கார் மியூசியம் 2015-ல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியில், தன் வண்டியைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்தால், "பாவம், கையில காசில்லை போல". நல்லா இருக்குங்க உங்க நியாயம் :-)

சரி, அந்த மலிவான வழிதான் என்ன? கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சிந்தெடிக் எனாமல். நாலு இஞ்ச் ஃபோம் ரோலர். அவ்வளவுதான். ஆனால் 'அவ்வளவுதான்' என்று சொன்னதை நம்பி நேராக டப்பாவைத் திறந்து வண்டி மேல் ஓட்டுகிறவர்களால்தான் இந்த வழிக்குக் கெட்ட பெயர். வேலையில் முக்கால்வாசி பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது. 800-க்கு துரு எங்கே பிடிக்கும் என்று வைத்திருப்பவருக்குத் தெரியும்: கதவுகளின் அடி, சக்கரத்துக்கு மேல் வளைவு, பேட்டரி உட்காரும் தட்டு, மேட்டுக்கு அடியில் தரை. மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது. ஓட்டை விழுந்திருந்தால் அதை வீட்டில் பட்டி போட்டு அடைக்காதீர்கள். டிங்கரிடம் கொண்டுபோய்த் தகரம் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தக் காசு மிச்சம் பிடிக்கிற காசு அல்ல.

மேலாகத் துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரி பனியில் விட்டால் காலையில் மறுபடி சிவந்திருக்கும். பிரைமரை அப்படியே பல மாதம் விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெட் ஆக்சைடு தண்ணீரை முழுசாக நிறுத்தாது, அதன் மேல் பெயிண்ட் ஏறினால்தான் அது பிரைமர். பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, மொத்த உடம்பையும் 320, 400, 600 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். தண்ணீர் விடுவது வழுவழுப்புக்கு மட்டும் இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் பெயரிலேயே இருக்கிறது, வீட்டுப் பெயிண்டும் அலங்காரப் பெயிண்டும் என்று. கார் பெயிண்ட் அதில் இல்லை. உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிட்டால் அது திண்ணையில் விளையாடும் குழந்தையின் கைக்குத்தான் போகும். தேய்த்த சேற்றை வழித்துக் குப்பையில் போடுங்கள், செடிக்குப் பாயவிடாதீர்கள்.

அதற்கப்புறம் எனாமல். டர்பன்டைன் கலந்து நன்றாக இளக்கி, மெல்லிசாக ஓட்ட வேண்டும். முதல் கோட்டைப் பார்த்தால் அழுகை வரும். அடியில் இருப்பதெல்லாம் தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும். கெட்டியாக ஒரே கோட்டில் மூடிவிட ஆசை வரும். மூடினால் வழியும், ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு கோட், ரெண்டு கோட்டுக்கு ஒரு தடவை 600 பேப்பரில் தேய்ப்பு, மொத்தம் ஐந்தாறு கோட். கடைசியில் ஒரு மாதம் நன்றாக இறுகவிட்டு ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பட்டறை வேலை போல இருக்கும். இரண்டடியில் நின்று பார்த்தால் இருக்காது. இரண்டடியில் நின்று பார்க்கிறவருக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள்.

வெள்ளை மாதிரி சாதாக் கலர்தான் இதற்குச் சரி. மெட்டாலிக் சில்வரை ரோலரில் ஓட்டினால் கோடு கோடாக விழும், அந்த ஆசையே வேண்டாம். கலரையே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பழைய கலரிலேயே அடிப்பது அலைச்சலை மிச்சம் பிடிக்கும். மாதமும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வீசும் ஆனி, ஆடியில் அடித்தால் ஊர்ப் புழுதியெல்லாம் வண்டியில் ஒட்டும். ஐப்பசியில் மழை. தை, மாசிதான் தோது. துடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஆனால் எனாமல் பட்ட வேஸ்டைச் சுருட்டி மூலையில் குவித்து வைக்கக்கூடாது. காயும்போது உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் முக்கியோதான் எறிய வேண்டும்.

செலவு? கடைக்குக் கடை மாறும். தோராயமாக எனாமல் மூன்று லிட்டர் 1,100, பிரைமர் 300, பட்டி 300, வாட்டர் பேப்பர் 400, டர்பன்டைன் 300, ரோலரும் தட்டும் 400, மாஸ்கிங் டேப் 300, காம்பவுண்டும் பாலிஷும் 500, கையுறை, தூசி மாஸ்க் 200. மொத்தம் 3,800. உழைப்புக்கு மதிப்புப் போடவில்லையே என்று காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த நாலு ஞாயிறிலும் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்கக்கூடியவர் என்றால் பட்டறைக்கே போகலாம். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் படுத்திருப்பவருக்கு அந்த நேரத்தின் விலை பூஜ்யம்.

இப்போது கர்ச்சீப் கட்டிக்கொண்ட கூட்டத்துக்கு வருவோம். கோபம் வருவதே இங்கேதான். பி.யூ. பெயிண்டோடு ஒரு சின்ன டின்னில் ஹார்டனர் வரும். அதில் இருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது அது இல்லை, அத்தனை கொடியதும் இல்லை, ஆனால் அதே வம்சம். இதைப் பீய்ச்சும்போது கண்ணுக்குத் தெரியாத பனியாக நிற்கும். வாடையை வைத்து ஜாக்கிரதையாக இருக்கலாம் என்றால் அதுவும் முடியாது; மூக்குக்குத் தெரியும் முன்பே உடம்புக்குக் கெடுதல் செய்யும் அளவு வந்துவிடும். சிலருக்கு உடம்பு இதை ஒரு தடவை எதிரியாகப் பதிந்துகொண்டால் அப்புறம் துளி பட்டாலே இழுப்பு வரும். தொழிலால் வரும் ஆஸ்துமாவில் உலகம் முழுக்க முன்வரிசையில் நிற்பவர்கள் வண்டிக்கு ஸ்ப்ரே அடிப்பவர்கள். ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட் 24-லிருந்து, இந்தச் சரக்கைத் தொழிலில் தொடுகிறவர்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சட்டம். அங்கே அடைத்த பூத்துக்குள், வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடியோடு அடிக்கிறார்கள். இங்கே போர்ட்டிகோவில், சமையலறை ஜன்னல் திறந்திருக்க, கர்ச்சீப்! அடிக்கிறவர் தன் மூச்சைப் பணயம் வைக்கிறார் என்றால் அவர் இஷ்டம். உள்ளே தொட்டிலில் இருப்பதையும் சேர்த்தல்லவா வைக்கிறார்?

இத்தனைக்கும் அது ஒழுங்காகவும் வராது. எல்ஜி கம்ப்ரசர் தயாராகும் ஊர் இது, வாடகைக்குக் கிடைக்காதா என்பார்கள். கிடைக்கும். சின்ன ஒரு ஹெச்.பி. மெஷின், கன் கேட்கும் காற்றை விடாமல் கொடுக்க முடியாமல் நடுப் பானெட்டில் மூச்சு வாங்கும். பெயிண்ட் துப்பும். பெயிண்ட், ஹார்டனர், கிளியர் கோட், தின்னர், வாடகை என்று பத்தாயிரத்தைத் தாண்டிய பிறகு வண்டி பட்டறைக்கே போகும், "கொஞ்சம் சரி பண்ணுங்ணா" என்று. இதைத்தான் வீடியோவில் சொல்ல மாட்டார்கள்.

"எல்லாரும் வீட்டிலேயே அடிச்சுட்டா பெயிண்டர் பொழப்பு என்னாகும்?" என்று கேட்கிற நல்லவர்களும் உண்டு. இதே நல்லவர்கள்தான் பட்டறையில் முப்பதாயிரத்தை இருபதாக்கச் சொல்லி மூன்று நாள் நடப்பார்கள். அந்தப் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது எது தெரியுமா? பெயிண்டரின் மாஸ்க், பெயிண்டரின் கூலி. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. கட்டாயமும் கிடையாது, இழுப்பு வந்தால் அவர் கைக்காசுதான். 3,800 ரூபாய்க்கு வீட்டில் எனாமல் ஓட்டுகிறவர் எப்படியும் அந்தப் பட்டறைக்குப் போகப்போவதில்லை, அவரால் யார் பிழைப்பும் கெடாது. மாறாக, ஒரு கதவை முழுசாக வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துத் தோள்பட்டை கழன்ற ஆள், அடுத்த முறை எந்தப் பெயிண்டரிடமும் கூலியைக் குறைக்கச் சொல்லி வாய் திறக்க மாட்டார்.

எனாமலுக்கு எதிராக உண்மையான ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. எனாமல் மேல் பின்னால் என்.சி. பெயிண்ட் அடித்தால் அந்தத் தின்னர் எனாமலைச் சுருட்டித் தூக்கிவிடும். மறுபடி பட்டறை வேலை செய்ய நினைத்தால் மொத்தத்தையும் உரிக்க வேண்டும், பெயிண்டர் திட்டுவார். வெயிலில் கலர் கொஞ்சம் சீக்கிரமே மங்கவும் செய்யும். அதனால் இது எல்லா வண்டிக்குமான வழி இல்லை. ஐந்து வயசு வண்டிக்கு இதைச் செய்கிறவரை யாரும் காப்பாற்ற முடியாது. இன்னும் ஒரு ஐந்து வருஷம் துரு பிடிக்காமல் ஓடினால் போதும் என்கிற நிலையில் நிற்கும் வண்டிக்கு இது.

கடைசியாக எல்லோரும் எடுப்பது ரீசேல் என்கிற ஆயுதம். "கையில் அடித்த பெயிண்டுங்க இது" என்று சொல்லி புரோக்கர் ஐயாயிரம் குறைப்பார் என்கிறார்கள். குறைப்பார்தான். முப்பதாயிரம் கொடுத்துப் பட்டறையில் அடித்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். பானெட்டை விரலால் தட்டிவிட்டு, "ரீபெயிண்ட் ஆன வண்டிங்க, உள்ள என்ன அடி இருக்குதோ" என்று அதே ஐயாயிரத்தைக் குறைப்பார்.